தெருவுல வீடியோ எடுக்கப் போறீங்களா? ஆளுங்க கிட்ட எப்படிக் கேக்கணும், எப்ப கேமராவை இறக்கணும்

கேமரா வாங்கியாச்சு, காலர் மைக் வாங்கியாச்சு, சேனலுக்குப் பேரும் வச்சாச்சு, ஆனா வெளிய போய் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கிட்ட "உங்களை வீடியோ எடுக்கலாமா"ன்னு எப்படிக் கேக்கறதுன்னு மட்டும் யாரும் சொல்லித் தரமாட்டேங்கறாங்க. எடிட்டிங்குக்கு எக்கச்சக்க டுடோரியல் இருக்கு, கலர் கரெக்‌ஷனுக்கு இருக்கு, இதுக்கு இல்ல. அதனால புதுசா ரோட்டுல, பீச்சுல, சந்தையில, திருவிழாவுல வீடியோ எடுக்க ஆரம்பிக்கறவங்களுக்காக நான் இந்த வேலையில பாத்தது, பண்றது, பண்ணவே கூடாதுன்னு நினைக்கறது எல்லாத்தையும் எழுதறேன். தமிழ்நாட்டுத் தெருக்களை மனசுல வச்சுதான் எழுதறேன், வேற ஊர்ல இருக்கவங்க அங்க உள்ள சட்டத்தைத் தனியா பாத்துக்கோங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒருத்தர் "சரி"ன்னு தலையாட்டினது மட்டும் அனுமதி ஆகிடாது. அவங்களுக்கு வேணாம்னு சொல்ல நிஜமாவே வாய்ப்பு இருந்துச்சா, இந்த வீடியோ எங்க வரும், யாரெல்லாம் பாப்பாங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னாங்களா, நாளைக்கு மனசு மாறினா உங்களைப் பிடிக்க அவங்க கையில ஒரு நம்பராவது இருக்கா, இந்த மூணும் இருந்தாதான் அனுமதி. கீழ எழுதியிருக்கறது எல்லாம் இந்த மூணையும் எப்படி உண்டாக்கறதுன்னுதான்.

சட்டத்துல எது இருக்கு, எது இல்ல

"பப்ளிக் ப்ளேஸ்தானே, யாரை வேணா எடுக்கலாம்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. பாதி உண்மை. பொது இடத்துல வீடியோ எடுக்கறதையே மொத்தமா தடை பண்ற சட்டம் இந்தியாவுல கிடையாது. ஆனா பொது இடத்துல நிக்கறதால ஒருத்தரோட அந்தரங்கம் போயிடறது இல்ல, அதை சுப்ரீம் கோர்ட்டே 2017 ஆகஸ்ட் 24 அன்னைக்கு புட்டசாமி வழக்குல சொல்லியிருக்கு, ஒன்பது நீதிபதிங்க உக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு குடுத்தாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1994லயே, நம்ம ஊர் வழக்கு ஒண்ணு இருக்கு. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதின வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா கூடாதான்னு போன வழக்கு அது. பொது ஆவணத்துல இருக்கறதைப் போடறதுக்கு ஒருத்தரோட சம்மதம் தேவையில்ல, ஆனா அதைத் தாண்டி அவர் குடும்பம், கல்யாணம், குழந்தைங்கன்னு சொந்த விஷயத்தை சம்மதம் இல்லாம போட்டா அதுக்கு வழக்கு போடலாம்னு கோர்ட் சொல்லிச்சு. தெருவுல எடுக்கற நமக்கும் அந்தக் கோடு பொருந்தும், சந்தையில காய் விக்கறது ஊருக்குத் தெரிஞ்ச விஷயம், அந்தக் காய்க்காரம்மா புருஷன் கூட இல்லங்கறது அப்படி இல்ல.

குற்றமா மாறுற இடங்களும் இருக்கு. ஒரு பெண் தனிமையில இருக்கறப்ப ஒளிஞ்சு எடுக்கறது பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 77ஆவது பிரிவு, முதல் தடவையே ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். பின்னாடியே தொடர்ந்து போறது 78. பெண்ணோட மானத்துக்கு இழிவா பேசறது, சைகை காட்டறது, அந்தரங்கத்துல மூக்கை நுழைக்கறது 79. உடம்போட அந்தரங்கப் பகுதியை சம்மதம் இல்லாம எடுத்தா, அது ஆணா பெண்ணா யாரா இருந்தாலும், ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 66இ பிரிவு. பீச்சுல குளிக்கறவங்க மேல ஜூம் போடற ஆளுங்க இதையெல்லாம் ஒரு தடவை படிக்கணும்.

அப்புறம் 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு சட்டம். அதோட விதிகள் 2025 நவம்பர்ல வெளியாகி கட்டங்கட்டமா அமலுக்கு வந்துட்டு இருக்கு. உங்க சேனலுக்கு அது எந்த அளவு பொருந்தும்கறதை ஒரு வக்கீல் கிட்ட கேட்டுக்கோங்க, ஆனா சம்மதம்னா என்னன்னு அதுல சொல்லியிருக்கற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டாயம் இல்லாம, இன்ன விஷயத்துக்குன்னு தெளிவா, விவரம் தெரிஞ்சு குடுக்கணும், குடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்ப வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். பதினெட்டு வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா இல்ல கார்டியன் சம்மதம்.

கிளம்பறதுக்கு முன்னாடி

வீட்டுல உக்காந்து ரெண்டு வரி எழுதுங்க: என்ன வீடியோ, யாரோட முகம் இல்லாம அது நடக்காது. நிறைய வீடியோவுக்கு முகமே தேவைப்படாது. பரோட்டா கடை வீடியோன்னா மாஸ்டரோட கை, கல்லு, ரெண்டு பக்கமும் தட்டற சத்தம், இதை வச்சே முக்கால்வாசி முடிஞ்சிடும். முகம் கண்டிப்பா வேணும்கற ஆளுங்க மூணு நாலு பேர்தான் இருப்பாங்க, அவங்க கிட்ட நிதானமா பேசி வாங்கற அனுமதி, நூறு பேரை ஓடி ஓடி எடுத்துட்டு வர்றதை விட நல்ல வீடியோவையும் தரும்.

கூட எடுத்துக்க வேண்டியது: உங்க பேரும் சேனல் பேரும் போன் நம்பரும் போட்ட சின்ன கார்டு (ஜெராக்ஸ் கடையில துண்டுத் துண்டா வெட்டி வாங்கினாலும் போதும்), அனுமதிப் பேப்பர் கொஞ்சம், ஒரு பேனா, ஸ்டாம்ப் பேட். கையெழுத்து வராதவங்க கை நாட்டு வைப்பாங்க, அதுக்கு. ஏற்கெனவே போட்ட வீடியோ ரெண்டு போன்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, சந்தைக்குள்ள நெட் இருக்காது, "எப்படி வரும்"னு கேட்டா அங்கயே காட்டலாம்.

இடத்துக்கு யார் பொறுப்பு

ரோடு வேற, ரோடு மாதிரி தெரியற இடம் வேற. மால் தனியார் இடம், செக்யூரிட்டி வேணாம்னா வேணாம்தான். மெட்ரோ, ரயில்வே ஸ்டேஷன், பார்க்ல எல்லாம் சேனலுக்காக எடுக்கறதுன்னா நிர்வாகத்து கிட்ட முன்கூட்டியே கேக்கணும். மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை இடத்துல டிரைபாட் வைக்கணும்னா தனி அனுமதி. கோயிலுக்குள்ள செல்போனே கூடாதுன்னு 2022 டிசம்பர்ல திருச்செந்தூர் கோயில் வழக்குல மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவு போட்டு, தமிழ்நாடு பூரா கோயில்கள்ல அமல்படுத்தச் சொல்லிச்சு. ஆஸ்பத்திரி வளாகம், கோர்ட் வளாகம் பக்கம் கேமராவோட போகவே போகாதீங்க.

ஒண்ணு மட்டும் மறந்துடக் கூடாது, இடத்துக்காரர் அனுமதி குடுத்தா அது இடத்துக்குத்தான். ஓட்டல் ஓனர் "தாராளமா எடுங்க தம்பி"ன்னு சொல்லிட்டாருன்னு உள்ள சாப்பிடற குடும்பத்தையும், பாத்திரம் கழுவற பையனையும் எடுக்க அது செல்லாது. ஓனர் சொன்னா வேலைக்காரங்க மறுத்துப் பேச மாட்டாங்க, அதனால வேலை செய்யறவங்களை ஓனர் இல்லாத நேரமா பாத்து தனியா கேளுங்க.

கேக்கற விதம்

இதுதான் இருக்கறதுலயே முக்கியமான பகுதி, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். கேமராவை ஓடவிட்டுட்டே போய்க் கேக்காதீங்க. லென்ஸ் மூடி போட்டு, தோள்ல தொங்கவிட்டு, போன்ல எடுக்கறீங்கன்னா போனைப் பையில வச்சுட்டு வெறுங்கையோட போங்க. ரெக்கார்டு ஆகுதுன்னு தெரிஞ்சா நம்ம ஆளுங்க மரியாதைக்காக மறுக்க மாட்டாங்க, சிரிச்சுக்கிட்டே நெளிவாங்க, அந்த சிரிப்பை சம்மதம்னு எடுத்துக்கறது தப்பு. நாலு பேரா சுத்தி நிக்காதீங்க, ஒருத்தர் மட்டும் போங்க. பெண்கள் கிட்ட கேக்கறதுக்கு டீம்ல பெண் இருந்தா அவங்க போறது நல்லது. வியாபாரம் நடக்கற இடம்னா கஸ்டமர் போற வரைக்கும் தள்ளி நில்லுங்க.

மயிலாப்பூர் மாட வீதியில பூ கட்டற ஒரு அக்கா கிட்ட நான் பேசினது ஏறக்குறைய இப்படிப் போச்சு:

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும், வியாபாரம் கெடாம ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"என்னம்மா, சொல்லு."

"இந்தத் தெருக் கடைங்க பத்தி ஒரு வீடியோ பண்றேன், யூடியூப்ல வரும். நீங்க பூ கட்டறதை எடுக்கலாமான்னு கேக்க வந்தேன். முகம் வர்றது இஷ்டம் இல்லன்னா கையை மட்டும் எடுத்துக்கறேன். வேணாம்னாலும் ஒண்ணும் இல்லக்கா."

"யூடியூப்னா எல்லாரும் பாப்பாங்களா?"

"ஆமாக்கா, யார் வேணா பாக்கலாம். உங்க சொந்தக்காரங்க போனுக்கும் வந்துடலாம்."

"அப்ப மூஞ்சி வேணாம்மா, எங்க மாமியா ஊட்ல ஒரு மாதிரி பேசுவாங்க. கையை எடுத்துக்கோ."

வாழை நாரை ஈரத்துணியில இருந்து உருவி, ரெண்டு ரெண்டா மொட்டை வச்சு, பாக்காமலே சுத்தி இழுத்து முடிச்சு போடற அந்த விரலை மட்டும்தான் எடுத்தேன், அந்த வீடியோவுலயே நல்லா வந்த ஷாட் அதுதான்.

அந்தப் பேச்சுல எது வேலை செஞ்சுச்சுன்னு பாருங்க. என்ன வீடியோ, எங்க வரும்னு சொன்னது ஒண்ணு. நடுவுல ஒரு வழி குடுத்தது இன்னொண்ணு, முகம் இல்லாம கை மட்டும். முழுசா சரி இல்ல முழுசா வேணாம்னு ரெண்டே வழி வச்சா பாதிப் பேர் சங்கடத்துல சரின்னுடுவாங்க. சொந்தக்காரங்க பாப்பாங்கன்னு நானே சொன்னதுதான் இதுல முக்கியம். "ஏதோ சின்ன சேனல்கா, யாரு பாக்கப் போறா"ன்னு குறைச்சு சொல்லி வாங்கற அனுமதி ஏமாத்து வேலை, ஏன்னா வீடியோ ஓடணும்னுதானே நாம போடறோம்.

காசு விஷயம். பேட்டிக்காக ஒருத்தரோட அரை நாளை எடுத்துக்கறீங்கன்னா அந்த நேரத்துக்குக் காசு குடுக்கறது நியாயம்தான், அன்னாடம் காய்ச்சிங்களுக்கு அது கூலி. ஆனா நடுவுல அவங்க வேணாம்னு சொன்னாலும் அந்தக் காசு அவங்களுக்குத்தான்னு முதல்லயே சொல்லிடுங்க. நூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கிட்டு "அதான் வாங்கினோமே"ன்னு கேமராவைத் தூக்கறதும், எடுத்து முடிச்சாதான் காசுன்னு சொல்றதும் விலை பேசற மாதிரிதான்.

பாஷை புரியாதவங்க கிட்ட தலையாட்டலை நம்பாதீங்க. கட்டட வேலையில, ஓட்டல்ல, திருப்பூர் கம்பெனிகள்ல வடமாநிலத் தொழிலாளிங்க நிறைய பேர் இருக்காங்க, தமிழ்ல நாம கடகடன்னு சொன்னதுக்கு அவங்க "ஹான் ஹான்"னு சொல்றதுல ஒண்ணும் இல்ல. இந்தி தெரிஞ்சவங்க யாரையாவது வச்சு, முடிஞ்சா அவங்கள்லயே ஒருத்தரை வச்சுப் பேசுங்க. 2023 மார்ச்ல அவங்களைத் தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு வதந்தி பரவினப்ப, சம்பந்தமே இல்லாத வீடியோக்களுக்கு வேற தலைப்பு போட்டு சுத்தவிட்டாங்க. நீங்க எடுக்கற கிளிப்பையும் யாரோ வெட்டி என்ன தலைப்பு வேணா போடலாம், அந்த முகத்தோட அது ஊருக்குப் போய்ச் சேரும்.

கேமராவுல ஒரு தடவை, பேப்பர்ல ஒரு தடவை

வாய்ல சரின்னு சொன்னதுக்கு அப்புறம் கேமராவை ஆன் பண்ணி திரும்ப ஒரு தடவை கேளுங்க. "இந்த வீடியோ யூடியூப்லயும் இன்ஸ்டாகிராம்லயும் வரும், போடலாமா"ன்னு கேட்டு, அவங்க வாயால சொல்றது ரெக்கார்டு ஆகட்டும். வெறும் தலையாட்டல் போதாது, பதில் வரணும். பேட்டி முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவை: "பேசினதுல எதையாவது எடுத்துடணுமா?" இந்தக் கேள்விக்குத்தான் நிஜமான பதில் வரும், பேச ஆரம்பிக்கும்போது தெரியாது, பேசி முடிச்சதும்தான் "கடன் பத்திச் சொன்னேன் பாரு, அது வேணாம் கண்ணு"ன்னு தோணும்.

நின்ன இடத்துல ஒரு நிமிஷம் பேசறவங்களுக்கு ரெக்கார்டு போதும். நீளமா எடுக்கறது, சொந்தக் கதை பேசறது, விளம்பரத்துக்கு ஆகறது எல்லாத்துக்கும் பேப்பர் வேணும். நான் வச்சிருக்கறது இவ்வளவுதான், எடுத்துக்கோங்க:

"என் பேர் ______. ______ தேதி, ______ இடத்துல என்னை வீடியோ எடுக்க சம்மதிக்கிறேன். இது யூடியூப், இன்ஸ்டாகிராம்ல வரும், யார் வேணாலும் பாக்கலாம், வேற ஆளுங்க டவுன்லோட் பண்ணிட்டா திரும்ப வாங்க முடியாதுன்னு எனக்குச் சொன்னாங்க. முகம் காட்டலாம் / வேண்டாம். பேர் சொல்லலாம் / வேண்டாம். ஊர் சொல்லலாம் / வேண்டாம். விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் / வேண்டாம். எடுத்துடச் சொல்லணும்னா ______ நம்பருக்குக் கூப்பிடலாம்."

படிக்கத் தெரியாதவங்களுக்கு சத்தமா படிச்சுக் காட்டுங்க, அவங்க பக்கத்து ஆள் யாராவது கூட இருந்தா நல்லது. ரெண்டு காப்பி எழுதுங்க, ஒண்ணு அவங்களுக்கு. இங்கிலீஷ்ல நெட்ல கிடைக்கற நாலு பக்க ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வச்சுக்கறது அவங்களுக்காக இல்ல, உங்களைக் காப்பாத்திக்க, அதுல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியாது.

கூட்டத்தை எடுக்கறப்ப

ரங்கநாதன் தெருவுல தீபாவளிக் கூட்டத்துல ஒவ்வொருத்தரா கேக்க முடியாது, அது யாருக்கும் தெரியும். அங்க நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, அந்த ஷாட்ல கூட்டம் தெரியுதா இல்ல ஒரு ஆள் தெரியறாரா. மேல இருந்து வைடா எடுத்தா கூட்டம். அதே கூட்டத்துல ஒரு பொண்ணு மேல ஜூம் பண்ணி ஸ்லோ மோஷன் போட்டு பாட்டு சேத்தா அது அந்தப் பொண்ணைப் பத்தின வீடியோ, கேக்காம போடவே கூடாது. முதுகுப் பக்கமா எடுக்கறது, கால் நடமாட்டம், பை, விளக்கு, பேரம் பேசற கை, இப்படி எடுக்கப் பழகுங்க. ஒரே இடத்துல டிரைபாட் வச்சு ரொம்ப நேரம் எடுக்கறீங்கன்னா ஒரு சார்ட்ல "இங்க வீடியோ எடுக்கறோம், வேணாம்னா சொல்லுங்க"ன்னு பெருசா எழுதி ரெண்டு பக்கமும் வச்சுடுங்க, ஒதுங்கிப் போறவங்க போகட்டும். யாராவது கையை வச்சு முகத்தை மறைச்சா அதுதான் பதில், அந்த ஷாட்டை அங்கயே டெலீட் பண்ணுங்க.

காலர் மைக்கையும் கவனிங்க. உங்க ஆள் சட்டையில மாட்டின மைக்குல பக்கத்து டேபிள்காரர் போன்ல பேசற வீட்டுச் சண்டை தெளிவா விழுந்திருக்கும், படத்துல ஆள் இல்லன்னாலும் குரல் இருக்கு.

திருவிழா, போராட்டம் ரெண்டும் பொதுவுல நடக்கறதுதான், ஆனா அங்க வர்றவங்க எல்லாரும் ஊருக்கே தெரியணும்னு வர்றது இல்ல. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்துல சித்திரை மாசம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு எங்கெங்க இருந்தோ திருநங்கைகள் வர்றாங்க. வீட்டுல இன்னும் சொல்லாதவங்க, வேலை பாக்கற இடத்துல தெரியாதவங்க அதுல இருப்பாங்க, ஒரு ரீல்ஸ்ல முகம் வந்தா வாழ்க்கையே மாறிடும். கூத்தாண்டவருக்காகக் கட்டிக்கிட்ட தாலியை அறுத்து அழற நேரத்துல முகத்துக்கு ஒரு அடி தூரத்துல போனை நீட்டிக்கிட்டு நிக்கற கூட்டத்தைப் பாத்தா எனக்கு அவ்வளவு கோவம் வரும். போராட்டத்துல இது தலைகீழாவும் இருக்கும். 2025 ஆகஸ்ட்ல சென்னை மாநகராட்சி ஆபீஸான ரிப்பன் பில்டிங் வெளிய தூய்மைப் பணியாளர்கள் உக்காந்திருந்த மாதிரி இடத்துல, எங்க முகத்தைக் காட்டுங்கன்னு கேக்கறவங்களும் இருப்பாங்க, கான்ட்ராக்ட் வேலை, தெரிஞ்சா திரும்ப எடுக்க மாட்டாங்கன்னு பயப்படறவங்களும் பக்கத்துலயே இருப்பாங்க. அதனால போராட்டத்தை நடத்தறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டாலும், க்ளோஸ்-அப் எடுக்கப் போற ஆள் கிட்ட தனியா கேளுங்க.

சரின்னு சொன்னாலும் யோசிக்க வேண்டிய ஆளுங்க

குழந்தைங்க. அப்பா அம்மா சரின்னு சொல்லணும், குழந்தையும் சரின்னு சொல்லணும், ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் வேணாம். யூனிஃபார்ம் போட்டு ரோட்டுல போற பசங்களைப் பிடிச்சு மைக் நீட்டாதீங்க, அந்த யூனிஃபார்மும் டையும் எந்த ஸ்கூல்னு சொல்லிடும், எத்தனை மணிக்கு எந்த பஸ் ஸ்டாப்ல நிப்பாங்கன்னும் உங்க வீடியோவே சொல்லிடும். போலீஸ், கேஸ்னு போன குழந்தை, ஆதரவில்லாத குழந்தை, இவங்க அடையாளத்தை வெளியிடறது சிறார் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவுல குற்றம். பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவங்கன்னா அவங்க பேரு, முகம் மட்டும் இல்ல, தெருவு, ஸ்கூல், அம்மா முகம்னு அவங்களைக் காட்டிக் குடுக்கற எதுவும் கூடாது.

சாவு வீடு, ஆக்சிடென்ட். இதுல கேக்கவே போகாதீங்க. அழுதுக்கிட்டு இருக்கறவங்க சரின்னு சொன்னாலும் அந்த நேரத்துல அவங்க எதைக் கேட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. சினிமாக்காரங்க வீட்டு சாவுக்கு மைக்கோட போய் கார் கண்ணாடியைத் தட்டறதை எல்லாம் வேலைன்னு பழகிக்காதீங்க.

குடிச்சிருக்கவங்க, மனநலம் சரியில்லாதவங்க. இவங்களை எடுத்து சிரிக்கறதுக்குப் போடறது கேவலம், வேற வார்த்தை இல்ல.

அப்புறம் உதவி வீடியோ. ரோட்டுல படுத்திருக்கற ஒரு பெரியவரை எழுப்பி, முடி வெட்டி, குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பிரியாணி பொட்டலம் கையில குடுத்து, அவர் கும்பிடறதை க்ளோஸ்-அப் எடுத்துப் போடறது. எடுக்கறவங்க மனசு நல்லதாவே இருக்கலாம், அதைப் பாத்து நாலு பேர் உதவலாம், அதெல்லாம் நான் மறுக்கல. ஆனா பசியோட இருக்கறவர் முன்னாடி சாப்பாட்டைக் கையில வச்சுக்கிட்டு கேமராவையும் வச்சுக்கிட்டு நின்னா அவரால எப்படி வேணாம்னு சொல்ல முடியும்? அவருக்கு ஒரு ஊர் இருக்கு, ஒரு காலத்துல வேலை இருந்திருக்கு, பேரன் பேத்தி இருக்கலாம், ஊர்ல அவர் நல்லா இருக்கார்னு நினைச்சுக்கிட்டு இருக்கலாம், அந்த அழுக்கு வேட்டியோட முகத்தைத்தான் நாம ஊருக்கு அனுப்பறோம். உதவி பண்ணணும்னா முதல்ல பண்ணிட்டு, கேமரா இல்லாம உக்காந்து பேசிட்டு, அடுத்த நாள் வெறுங்கையோட போய்க் கேளுங்க. அப்ப அவர் வேணாம்னா நீங்க செஞ்ச உதவி அப்படியே இருக்கும், வீடியோதான் இருக்காது. இந்த உதவிக்கு நிதி வசூல் பண்ணணும்னா பொட்டலம் கட்டற கையையும், சமையல் அண்டாவையும், பில்லையும் காட்டினா போதும்.

பிராங்க், பப்ளிக் ஒப்பீனியன்

பிராங்க்ல முன்கூட்டியே கேக்க முடியாதுன்னு சொல்லுவாங்க, சரி, அப்ப முடிஞ்ச உடனே கேக்கணும், அவங்க மறுத்தா அந்த ஃபுட்டேஜ் அங்கயே அவங்க கண்ணு முன்னாடி அழியணும். என்னைக் கேட்டா தெரியாதவங்களைப் பயமுறுத்தற பிராங்க் எதுவுமே வேணாம், நெஞ்சு வலிக்காரங்க யாரு, கர்ப்பமா இருக்கறவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது.

பப்ளிக் ஒப்பீனியன்ல இதுவரைக்கும் நடந்ததே போதும். 2021 ஜனவரியில பெசன்ட் நகர் பீச்சுல பெண்கள் கிட்ட ஆபாசமா பேச்சுக் குடுத்து வீடியோ போட்டதா ஒரு யூடியூப் சேனல்காரங்க மூணு பேரை போலீஸ் கைது பண்ணாங்க. 2024 மே மாசம் சென்னையில இன்னொண்ணு, காதல் பத்திப் பேசின ஒரு இளம்பெண்ணோட வீடியோவை அவங்க சம்மதம் இல்லாம போட்டதா புகார், கமென்ட்ல வந்த அசிங்கத்தைத் தாங்க முடியாம அந்தப் பொண்ணு தற்கொலைக்கு முயற்சி பண்ணி ஆஸ்பத்திரி வரைக்கும் போனாங்க, சேனல்காரங்க கைதானாங்க. கேட்ட கேள்வி விளையாட்டா இருந்திருக்கும், பதிலும் விளையாட்டா இருந்திருக்கும், ஆனா அதுக்குக் கீழ வந்த கமென்ட்டை எல்லாம் படிக்க வேண்டியது அந்தப் பொண்ணும் அவங்க வீட்டுக்காரங்களும்தான். அதனால காதல், கல்யாணம், சாதி, உடம்பு பத்தி தெருவுல மைக் நீட்டிக் கேக்காதீங்க. சினிமா, பஸ் வசதி, விலைவாசி, தேர்தல்னு கேக்க எவ்வளவோ இருக்கு. அரசியல் கேள்வின்னா அரசாங்க வேலைல இருக்கறவங்களுக்கு சிக்கல் வரும், அவங்களே மறந்து பேசினாலும் நீங்க ஞாபகப்படுத்துங்க.

எடிட் டேபிள்ல

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஃபுட்டேஜ் காப்பி பண்ணும்போதே யார் என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்லயோ எக்செல்லயோ எழுதறது: கிளிப் பேரு, ஆள், முகம் சரியா, பேர் சரியா, எதை எடுக்கச் சொன்னாங்க, போன் நம்பர். ரெண்டு வாரம் கழிச்சு எடிட் பண்ணும்போது எதுவும் ஞாபகம் இருக்காது, எடிட்டர் வேற ஆளா இருந்தா சுத்தமா தெரியாது.

பின்னாடி வந்துட்ட முகங்கள், வண்டி நம்பர் ப்ளேட், வீட்டுக் கதவு நம்பர், கடை போர்டுல இருக்கற பர்சனல் நம்பர், இதெல்லாம் பிளர் பண்ணுங்க. லேசா பண்ணாதீங்க, தெரிஞ்சவங்களுக்கு நடை, சட்டை, குரலை வச்சே அடையாளம் தெரியும், அடையாளம் மறைக்கணும்னு வாக்கு குடுத்திருந்தா குரலையும் மாத்துங்க, இல்லன்னா பேசினதை எழுத்தா போடுங்க.

தம்ப்நெய்லுக்குத் தனியா அனுமதி வேணும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். வீடியோவுல அரை நிமிஷம் வர சம்மதிச்சவங்க, தன் முகம் பெருசா, பக்கத்துல சிவப்பு அம்புக்குறியோட, "இந்த அக்கா சொன்னதைக் கேட்டா ஷாக் ஆயிடுவீங்க"ன்னு ஊர் பூரா சுத்தறதுக்கு சம்மதிக்கல. தலைப்பும் அப்படித்தான். பதிலை வெட்டும்போது முன்னாடி பின்னாடி வாக்கியத்தை வெட்டி அர்த்தத்தை மாத்தினா, நீங்க வாங்கின அனுமதி அந்த இடத்துலயே காலாவதி.

முடிஞ்சா போடறதுக்கு முன்னாடி வாட்ஸப்ல அவங்க வர்ற பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்க, ஒரு நாள் டைம் குடுங்க. போன் இல்லாதவங்கன்னா நேர்ல போய்க் காட்டுங்க, அவங்க பாக்கறப்ப முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

லைவ் போடறது வேணாம், அதுல எதையும் திரும்ப எடுக்க முடியாது.

போட்டதுக்கு அப்புறம்

முதல் ரெண்டு நாள் கமென்ட்டை நீங்களே உக்காந்து பாருங்க. அசிங்கமான வார்த்தைகளை பிளாக் லிஸ்ட்ல போட்டு வைங்க, தமிழ்லயும் தங்கிலீஷ்லயும் ரெண்டுலயும் போடணும். ஒரு ஆளோட உருவம், சாதி, குணம் பத்திப் பேச ஆரம்பிச்சா கமென்ட்டையே மூடிடுங்க, ரீச் குறையும், குறையட்டும். யூடியூப்ல அந்த வீடியோவை மத்தவங்க ஷார்ட்ஸுக்கு ரீமிக்ஸ் பண்ண முடியாம நிறுத்தற செட்டிங் இருக்கு, சொந்தக் கதை பேசற வீடியோவுக்கெல்லாம் அதை ஆஃப் பண்ணிடுங்க.

யாராவது கூப்பிட்டு "அதை எடுத்துடுங்க"ன்னா ஏன்னு விசாரணை பண்ணாதீங்க. பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்காங்களோ, கடையில தகராறோ, சொல்லணும்னு அவங்களுக்கு அவசியம் இல்ல. முதல்ல வீடியோவைப் பிரைவேட்ல போடுங்க, அப்புறம் நிதானமா பாருங்க. யூடியூப் ஸ்டூடியோ எடிட்டர்லயே அவங்க வர்ற பகுதியை டிரிம் பண்ணலாம், முகத்தை பிளர் பண்ணலாம், லிங்க் மாறாது, வியூஸும் போகாது, அதனால "வீடியோவே போயிடும்"ங்கற சாக்கு யூடியூப்ல செல்லாது. இன்ஸ்டா ரீல்ஸ்ல போட்டதுக்கு அப்புறம் முகத்தை மறைக்க வழி இல்ல, அழிச்சுட்டுத் திரும்பப் போடறதுதான். நீங்க பண்ணலன்னா அவங்க யூடியூப்லயே பிரைவசி புகார் குடுக்கலாம், யூடியூப் உங்களுக்கு 48 மணி நேரம் குடுத்துட்டு அப்புறம் அவங்களே பாத்து, விதிமீறல்னு தோணினா எடுத்துடுவாங்க. அந்த நிலைமைக்குக் கொண்டு போகாதீங்க.

உங்க கார்டைத் தொலைச்சவங்களுக்காக ஒவ்வொரு வீடியோ டிஸ்கிரிப்ஷன்லயும் முதல் வரியில ஒரு நம்பரோ மெயிலோ போட்டு "இந்த வீடியோவுல நீங்க இருந்து, எடுக்கணும்னு நினைச்சா இங்க சொல்லுங்க"ன்னு எழுதுங்க. அதே வீடியோவுல இருந்து வெட்டின ரீல்ஸ், ஃபேஸ்புக்ல போட்டது, கூட இருந்த ஃப்ரெண்டு சேனல்ல போட்டது எல்லாத்தையும் லிஸ்ட்ல வச்சிருந்தாதான் ஒருத்தர் கேக்கும்போது எல்லா இடத்துலயும் எடுக்க முடியும். ஹார்ட் டிஸ்க்ல கிடக்கற பயன்படுத்தாத ஃபுட்டேஜையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உக்காந்து பாத்து, வேணாம்னு சொன்னவங்க கிளிப், சும்மா வந்துட்ட முகங்க, குழந்தைங்க வர்ற கிளிப் எல்லாத்தையும் அழிச்சுடுங்க, மெமரி கார்டை வேற யாருக்காவது கடன் குடுக்கறதுக்கு முன்னாடி ஃபார்மட் பண்ணிடுங்க.